மழை வந்தால் அறுபடும் இணைப்பு: ஒரு திருத்துநரின் வேலை பற்றி

டிக்கோயாவில் உள்ள எமது வீட்டில், தென்மேல் பருவமழை தொடங்கியதும் தொலைபேசியில் இரைச்சல் எழுந்து, அதே தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஏடிஎஸ்எல் இணைய இணைப்பும் அடிக்கடி அறுபட்டதால், ஹட்டனிலிருந்து தனியார் திருத்துநர் ஒருவரை அழைத்தோம். (மலையகத்தில் ‘லயன்’ என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டையும் குறிக்கும்; அதனால் ‘லயன்’ பழுதென்றால் கூரை ஒழுகுகிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.)

அவர் மோடத்தைத் தொடவில்லை. வீட்டின் உட்கம்பிகளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் கம்பி இணையை மட்டும் மல்டிமீட்டரால் அளந்தார். ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது இருக்க வேண்டிய ஏறத்தாழ 48 வோல்ட் நேரோட்ட அழுத்தம் சரியாகவே இருந்தது. பின்னர், கழற்றிய உட்கம்பிகள் இரண்டுக்கும் இடையிலான தடையை அளந்தபோது, மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டியது சில கிலோ ஓம்களாகவே இருந்தது; அதாவது இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் கசிந்துகொண்டிருந்தது. கூரை விளிம்பின் கீழ், வெறும் டேப் சுற்றிய பழைய மூட்டில் நீர் கசிந்து, செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதை வெட்டியெறிந்து, ஈரம் புகாத ஜெல் இணைப்பியைப் பொருத்தினார். மோடத்தின் இரைச்சல் விளிம்பு (இரைச்சலைத் தாங்க சமிக்ஞைக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) 4 டெசிபெல்லிலிருந்து 11 ஆக உயர்ந்தது. 6க்குக் கீழே இறங்கினால் இணைப்பு பொதுவாக நிலைக்காது.

சொன்ன நாளில் வராமல் இரண்டு நாள் பிந்தியதும், அளவீடுகளை எழுதித் தராததும் குறைகளே. ஆயினும் தேவையின்றிப் புது மோடம் வாங்கச் சொல்லாதவர் என்பதால், மீண்டும் அவரையே அழைப்பேன்.