ஸ்பைடர்லேண்ட்: 1991 தட்டா, 2014 தட்டா?

அமெரிக்க ராக் குழுவான ஸ்லிண்டின் 'ஸ்பைடர்லேண்ட்' ஆல்பத்தை டச் அண்ட் கோ என்ற இசைத்தட்டு நிறுவனம் 1991இல் வெளியிட்டபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. போஸ்ட்-ராக் என்று பின்னால் பேர் வாங்கிய ராக் இசை வகைக்கு அதுவும் ஓர் அடித்தளம் ஆனது. சிடியின் உறையிலேயே 'இதை வினைலில் (இசைத்தட்டில்) கேளுங்கள்' என்று அச்சடித்த ஆட்கள்; ஆகவே சிடியை விட்டுவிடலாம். மிச்சம் இரண்டு: இப்போது இன்னொருவர் கையிலிருந்துதான் வாங்க வேண்டிய 1991 அசல் தட்டு, மூல அனலாக் டேப்பிலிருந்து ஒலிப்பொறியாளர் பாப் வெஸ்டன் ரீமாஸ்டர் செய்த (ஒலியைப் புதிதாகச் சீர்செய்த) 2014 தட்டு. மதுரையில் இருந்துகொண்டு வாங்குவதானால் என் ஓட்டு 2014க்கு.

2014 தட்டின் 180 கிராம் கனம் அதற்குக் காரணமில்லை. கனத்தால் மட்டும் ஒலி கூடிவிடாது. காரணம், பி பக்கத்தின் கடைசிப் பாட்டு.

'குட் மார்னிங், கேப்டன்' அடங்கி ஓடி, முடிகிற இடத்தில் அலறலாக வெடிக்கும். வெடிப்பது தட்டின் நடுவிலுள்ள லேபிளை ஒட்டிய உள்பள்ளத்தில். தட்டின் வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஊசியைக் கடக்கிறது. அங்கே 21 செ.மீ.தான். அதே சத்தம் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அசல் தட்டை முன்பு வைத்திருந்தவர் தேய்ந்த ஊசியையோ, அதிக எடை வைத்த ஊசியையோ ஓட்டியிருந்தால் முதலில் அடிவாங்குவது இந்த இடம். அழுக்கைக் கழுவலாம், தேய்மானத்தைக் கழுவ முடியாது. விற்பவர் போடும் 'விஜி பிளஸ்' (மிக நன்று என்பதற்கும் ஒரு படி மேல்) தரம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போடுவது. இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம். அசல்தான் வேண்டும் என்றால், பி பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை ஓடவிட்டுப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

புதுத் தட்டிலும் அந்த இடம் இரைந்தால் கோளாறு உங்கள் பக்கம் இருக்கலாம்: புரோட்ராக்டர் (கோணம் பார்க்கும் அளவுகோல்) வைத்துக் கார்ட்ரிட்ஜைச் (ஊசியைத் தாங்கும் பாகத்தை) சரிசெய்து, தயாரிப்பாளர் சொன்ன ஊசி எடையை வையுங்கள். ஊசியில் உருண்டை முனையைவிட நீள்வட்ட முனை இந்த உள்பள்ளத்தை நன்றாகப் படிக்கும்.

அடுத்தது தூசி. 'டான், அமான்' பாட்டில் டிரம்ஸே கிடையாது. இரண்டு கிட்டாரும் முணுமுணுப்பும்தான். ஒரு துகள் சிக்கினாலும் 'டப்' என்று கேட்கும். புதுத் தட்டையும் கழுவிவிட்டே ஓட்டுங்கள்: நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு அலசல். இன்வெர்ட்டருக்கு விற்கிற தண்ணீரே போதும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்திலேயே காய்ந்து படியும். (இதே கலவையைத் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டில் தடவிவிடாதீர்கள். அது அரக்கால் ஆனது, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.)

வெயில் இரண்டையும் ஒரேபோல் கெடுக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழறையும் மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவும் ஆகாது. தட்டைச் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். பிவிசி உறை சூட்டில் தட்டின் மேல் மங்கல் படியவிடும். பாலித்தீன் உறை வாங்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் பார்சல் வண்டிக்குள் தட்டு வேக வேண்டாம், ஐப்பசிக்கு மேல் வந்துசேரும்படி ஆர்டர் போடுங்கள்.

திரும்ப விற்கும்போது அசலுக்கே மதிப்பு அதிகம். ஆனால் அதுவும் தேயாத அசலுக்குத்தான்.