1/10 அளவில் சீக்கிய நாயக் சிலை: முகம் பிரமாதம், தலைப்பாகையில்தான் வேலை

முகத்துக்காகவே வாங்கலாம். நிஜ ஆளில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1/10 அளவில் வந்திருக்கும் இந்த ரெசின் மார்பளவுச் சிலையில் தலை என்பது கட்டைவிரல் நுனி அளவுதான். அதற்குள் இமை மடிப்பு, வெயிலுக்குக் கூசிச் சுருங்கிய கண்ணோரம், மீசை தாடிக்குள் போய்ச் சேரும் இடம் எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கின்றன. கண்ணை விரியத் திறந்து வைக்காமல் பாதி இடுக்கியபடி செதுக்கியிருக்கிறார்கள். பாலைவனத்தில் நிற்கிற ஆளுக்குப் பொருத்தம். வண்ணம் பூசுகிறவருக்கும் நிம்மதி, வெள்ளைவிழி கொஞ்சம்தான் தெரிகிறது.

ஆள், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவுக்குப் போன இந்திய 4-வது டிவிஷன்காரர். 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பர்ரானி, 1941-ல் எரித்திரியாவின் கெரன், 1944-ல் இத்தாலியின் மோன்டே கசினோ என்று சண்டை பார்த்த படை அது. கையில் நாயக் பதவிக்கு உரிய இரண்டு பட்டை, டிவிஷனின் சின்னமான கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு, காக்கித் தலைப்பாகை. சீக்கியர்கள் இரும்புத் தொப்பி போடவில்லை என்பதைக் கவனித்துச் செய்திருக்கிறார்கள். மார்புக்குக் குறுக்கே வரும் கான்வாஸ் வார்களின் நெசவுகூடத் தெரிகிறது.

நான் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஃபைபர் படகு வேலை பார்ப்பவன். எங்கள் பட்டறையில் ரெசின் என்றால் டிரம்மில் வரும் பாலியஸ்டர்தான். மூடியைத் திறந்தாலே நெடி தெருவரைக்கும் போகும். இது பாலியூரித்தேன். அந்த நெடி இல்லை, இறுகும்போது சுருங்குவதும் குறைவு. இத்தனை நுணுக்கம் தங்கியிருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

குறை எங்கே என்றால், மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோடு நேராகத் தலைப்பாகை மடிப்புகளின் மேல் ஏறி இறங்குகிறது. காதுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கோட்டோடு மடிப்பும் போய்விடும். கத்தியின் முதுகால் ஒவ்வொரு மடிப்பாகச் சுரண்டி, பள்ளத்தில் மட்டும் தாளைச் சுருட்டித் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் தொடாமல் தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். தாடி நுனியில் குண்டூசித் தலை அளவு இரண்டு காற்றுக்குழி, கழுத்துப் பொருத்தில் ஒரு சின்ன இடைவெளி. இந்த விலைக்கு இது கூடாது. உள்பக்கம் எம்-சீல் வைத்து, வெளியே நைசான புட்டியால் மூடினேன். துப்பாக்கி வார் வளைந்தே வந்தது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் முக்கினால் நேராக நிற்கிறது.

நம் கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூசும் முன் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறது பெட்டியில் உள்ள தாள். சரிதான், மோல்டில் ஒட்டாமல் இருக்கத் தடவியது போக வேண்டும். ஆனால் போர்வெல் தண்ணீரில் கழுவாதீர்கள். காய்ந்ததும் மடிப்புகளுக்குள் உப்புப் பூத்து, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அதன் மேல் உட்கார்ந்து பிறகு உரியும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு போதும். ஸ்பிரே பிரைமரை விடிகாலை ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப் பொடிபோல் நிற்கும். உச்சிவெயில் நேரம் நல்லது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், கதவைச் சாத்திவிட்டு அடியுங்கள், அடித்ததும் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெட்டியின் மேல் படத்தைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன், "மாமா, இவரு வெள்ளைக்காரரா?" என்றான். கேள்வி நியாயம். தாளில் கொடுத்திருக்கும் தோல் நிறக் கலவை ஐரோப்பிய முகத்துக்கானது, அதையே கொஞ்சம் பழுப்பாக்கியிருக்கிறார்கள். அதைத் தூக்கிப் போடுங்கள். கரும்பழுப்பில் செங்காவி கலந்து அடி பூசி, மேலே வெளிச்சத்துக்கு மஞ்சள் காவி சேர்த்துக்கொண்டே போனால் நம் நாட்டு முகம் வரும். வெள்ளை கலந்து வெளிச்சம் காட்டினால் தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். கண்ணுக்குக் கீழே நீர்த்த கத்தரிப்பூ நிறம் ஒரு தீற்றல், மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் கொஞ்சம் சிவப்பு. இந்தக் காற்றில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும், அடியில் ஈரப் பஞ்சு வைத்த தட்டு இல்லாமல் உட்கார வேண்டாம்.

ஒரு மனக்குறை, இது இந்தப் பெட்டியின் மேல் மட்டும் இல்லை. இந்தியச் சிப்பாய் என்று நான் பார்த்த ரெசின் சிலைகள் எல்லாமே சீக்கியரும் கூர்க்காவும்தான். தலைப்பாகையும் குக்ரிக் கத்தியும் விற்கும், புரிகிறது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கூட இருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வாங்கியவர். அவர் முகத்தை யாராவது செதுக்கினால் முதல் பெட்டி எனக்கு.

சிவப்புக் கழுகுக்கு ஒட்டுப்படம் தரவில்லை, சட்டைக் கையில் மேடாகவும் செதுக்கவில்லை. மெல்லிய தூரிகையில் கையால்தான் வரைய வேண்டும். கறுப்புச் சதுரத்தை முதலில் போட்டு, கழுகைச் சிவப்பில் வரைந்து, ஓரங்களை மறுபடி கறுப்பால் வெட்டிக் கொண்டுவருவது எளிது. பீடமும் பெட்டியில் இல்லை. எனக்குப் பூவரசங்கட்டைத் துண்டு பட்டறையிலேயே கிடைத்தது.

வெளிநாட்டிலிருந்து வருவதால் தபாலும் வரியும் சேர்ந்து விலையை நன்றாக ஏற்றிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவாவது பிரியும். முதல் ரெசின் சிலையாக இதை எடுக்காதீர்கள், தலைப்பாகைக் கோடு கையை ஒடித்துவிடும். ஒன்றிரண்டு முடித்தவர்கள் தயங்காமல் வாங்கலாம்.