பென்னைன் மலைத்தொடரின் இருபுறமும்: இரண்டு ஓக் நாற்காலிகள்

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடருக்குக் கிழக்கே யார்க்‌ஷயரிலும் அதன் தென்கோடியில் டெர்பிஷயரிலும் இருந்த தச்சர்களும், மேற்கே லங்காஷயரிலும் செஷயரிலும் இருந்தவர்களும் ஒரே ஓக் மரத்தில், ஒரே வகை உளிகளைக் கொண்டுதான் நாற்காலி செய்தார்கள். ஆயினும் முதுகுச் சாய்வை அமைத்த விதத்தில் இரு தரப்பாரும் பெரும்பாலும் பிரிந்து நின்றார்கள்.

யார்க்‌ஷயர், டெர்பிஷயர் நாற்காலியின் முதுகு திறந்தது. நிமிர்ந்த இரு பின்கால்களுக்கு இடையே வில்லாக வளைந்த இரண்டு குறுக்குச் சட்டங்களோ, சிறு தூண்கள் தாங்கும் வளைவுகளின் வரிசையோ இருக்கும். சில சட்டங்களின் நடுவே தாடி வைத்த முகம் ஒன்று காணப்படும். 1649இல் தலை துண்டிக்கப்பட்ட முதலாம் சார்லஸ் மன்னரின் நினைவாக அது செதுக்கப்பட்டது என்று பழம்பொருள் வணிகர்கள் சொல்லிவருவதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

லங்காஷயர், செஷயர் நாற்காலியின் முதுகோ மூடியது. ஒரு மரத்தின் கழுந்தை (செதுக்கிய முனையை) மற்றதன் துளையில் பூட்டி மர ஆணி அடித்த சட்டத்துக்குள் அகன்ற பலகை ஒன்று நிற்கும். பின்கால்களின் உச்சியில் சிறிய பிரமிடு போன்ற அலங்கார முனைகள் அமைந்திருக்கும். மரத்தை அறுக்காமல் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி, சக்கரத்தின் ஆரம்போலப் பிளந்து எடுத்த பலகை ஆதலால், அதன் முகத்தில் வெள்ளி நிறக் கீற்றுகள் மின்னும். பின்புறத்தைத் தடவினால் இழைப்புளி படாத மேடுபள்ளமும், ஒரு விளிம்பு தடித்து மறு விளிம்பு மெலிந்திருப்பதும் கைக்குத் தெரியும். அந்தப் பரப்பில் ஆழமில்லாமல் வெட்டிய பூவும் கொடியும் தரும் நிறைவைத் திறந்த முதுகு தருவதில்லை. அழகில் என் தேர்வு மேற்குப் பக்கத்து நாற்காலியே.

நம்பகத்தில் நிலைமை மாறுகிறது. வெறுமையாக இருந்த பழைய பலகைகளில் 19ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செதுக்கிச் சேர்க்கும் பழக்கம் பரவியது. மூடிய முதுகு அதற்கு எளிதில் இடம்கொடுத்தது. யார்க்‌ஷயர் சட்டத்திலோ வளைவே வடிவம் என்பதால் பின்னாளில் கைவைக்க இடம் குறைவு. முழுப் போலிகள் அங்கும் உண்டு என்பது வேறு விஷயம். எனவே பலகை முதுகை வாங்குபவர் செதுக்கின் பள்ளங்களை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். புழு மரத்தின் முகத்தைத் துளைத்து வெளியேறிய இடம் வட்டமாக இருக்கும். அதற்கு மாறாக, உள்ளே ஓடிய புழுப்பாதை நீளவாக்கில் வெட்டுண்டு வாய்க்கால்போல் திறந்து கிடந்தால், புழு அரித்த பிறகே அங்கே உளி ஓடியிருக்கிறது.