நிற அட்டை ஃபுளோரைடு கிட்: எவ்வளவு நம்பலாம்?

ஒரு பாட்டில் சாயக் கரைசல், 10 மி.லி. கோடு போட்ட குழாய், ஒரு நிற அட்டை. தண்ணீரிலுள்ள ஃபுளோரைடை அளக்கும் கிட் என்று விற்பதில் பெரும்பாலும் இவ்வளவுதான். கரைசலில் சிர்கோனியமும் சாயமும் சேர்ந்திருக்கும். தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ள, நிறம் வெளுக்கும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்க வேண்டும்.

இதில் முதல் ஏமாற்றுக்காரன் குளோரின். அதுவும் சாயத்தை வெளுக்கும் என்பதால், இல்லாத ஃபுளோரைடை இருப்பதாகக் காட்டிவிடும். குளோரினை அடக்கும் பொருள் கரைசலிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீரில் கதை தலைகீழ். மிச்ச அலுமினியம் ஃபுளோரைடைக் கட்டிப்போட, அளவு குறைத்துக் காட்டும். கரைசல் விட்ட 1 நிமிடத்தில் ஒருமுறை, 15 நிமிடம் கழித்து ஒருமுறை பாருங்கள். இரண்டாவது அளவு கூடியிருந்தால் அலுமினியம்தான். தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம். கரைசலைச் சொட்டாக எண்ணாமல் பிப்பெட்டில் அளந்து விடுங்கள். கூடக் குறைய விழுந்தால் நிறம் பொய் சொல்லும்.

கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மி.கி.யைத் தொடுகிறதா என்று அறிய இது தாராளமாகப் போதும். பல் சொத்தையைத் தடுக்க ஊர்க் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கலாமா என்ற வாதத்துக்கு இந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்கா 2015 முதல் பரிந்துரைப்பது லிட்டருக்கு 0.7 மி.கி.; உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 1.5. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் சொன்னதும் 1.5-க்கு மேல் போனால் குழந்தைகளின் ஐ.க்யூ. குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்றுதான், 0.7 பற்றி முடிவு சொல்லத் தரவு போதாது என்றது. ஒரு தரப்பு முதல் பாதியைப் படிக்கிறது, மறுதரப்பு இரண்டாம் பாதியை. 2025-இல் யூட்டா மாநிலம் சேர்ப்பதைத் தடை செய்தது. 2011-இல் நிறுத்திய கனடாவின் கால்கரி நகரம் அதே 2025-இல் மறுபடி சேர்க்கத் தொடங்கியது. இந்தச் சண்டை முழுக்க 0.7-க்கும் 1.5-க்கும் நடுவில் நடக்கிறது. அட்டையிலோ நிறங்கள் 0.5 இடைவெளியில் இருந்தால், 0.7 எது, 1 எது என்று கண்ணால் பிரிக்கவே முடியாது.

அந்த வேலைக்கு, தண்ணீரில் முக்கி ஃபுளோரைடு அளவைக் காட்டும் கருவியான ஃபுளோரைடு மின்முனைதான் சரி. மாதிரியில் பாதிக்குப் பாதி டிசாப் (TISAB) என்று விற்கும் தாங்கல் கரைசல் கலந்தால் அலுமினியத் தொல்லையும் தீரும். கூடவே சுத்திகரிப்பு நிலையத்தின் தினசரிப் பதிவேட்டையும் கேளுங்கள். ஃபுளோரைடைக் கலக்கும் டோசிங் பம்ப் தடுமாறிய நாட்கள் அதில்தான் தெரியும்.

ஒன்று விட்டுப்போனது: குளோரினை அடக்கச் சில கரைசல்களில் சேர்ப்பது சோடியம் ஆர்செனைட், அதாவது ஆர்செனிக். சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஆர்செனிக் இல்லாத வகையும் விற்கிறார்கள்.