சதுரங்கத் தாளும் டர்பன் ஈரக்காற்றும்: ஆறு ஆண்டுக் கேமரா அளவுத்திருத்த அனுபவம்

பழுதுபார்த்து வந்த லென்ஸை மறுபடியும் அளவுத்திருத்தம் (கேமராவின் குவியத் தூரத்தையும், லென்ஸ் படத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதையும் கணக்கிட்டறிவது) செய்ய வேண்டியிருந்த அதே வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து நண்பர் ஒருவர், தம் ஊர்க் கோயிலின் சுதைச் சிற்பங்களைப் புகைப்படங்களைக் கொண்டு அளப்பதற்கு ஜெங்யோ ஜாங்கின் கேமரா அளவுத்திருத்த முறை போதுமா என்று கேட்டிருந்தார். டர்பனில் அதே வேலைக்கு ஆறு ஆண்டுகளாக ஓப்பன்சிவி என்ற கணினிப் பார்வை மென்பொருள் வழியாக அம்முறையைப் பயன்படுத்தி வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

1998இல் அறிக்கையாகவும் 2000இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வெளிவந்த அம்முறையின் அருமை, அதற்கு முந்தைய நிலையை அறிந்தவர்களுக்கே முழுமையாக விளங்கும். அப்போதெல்லாம் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மிகத் துல்லியமாகச் செய்த தளங்களோ, கணக்கிட்டு நகர்த்தும் தளமோ வேண்டியிருந்தது; ஜாங்கோ, அச்சிட்ட கட்டத் தாளைச் சமதளத்தில் ஒட்டி, கையில் பிடித்து, எப்படி அசைத்தோம் என்ற கணக்கே இல்லாமல் சில கோணங்களில் படமெடுத்தால் போதும் என்றார். மூன்று கோணங்களிலேயே தீர்வு கிடைத்துவிடும்; நான் இருபதுக்குக் குறையாமல் எடுக்கிறேன், அவற்றில் பாதி பலகையை ஏறத்தாழ 45 பாகை சாய்த்தவை. படத்தில் வளைந்து கிடந்த கோபுர விளிம்பு முதன்முதலில் நேர்கோடாக நிமிர்ந்ததைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

என் சினம் முழுவதும் அந்தச் 'சமதளம்' என்ற ஒரு சொல்லின்மேல்தான். எங்கள் கோடையான டிசம்பர் முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று எங்கள் வீடுகளுக்குள் புகுந்திருக்கும். அட்டையில் ஒட்டிய தாள் இரண்டே நாளில் நடுவில் எழும்பிவிடும். கண்ணுக்குப் புலப்படாத அந்த வளைவால் கணக்கு நின்றுபோவதில்லை என்பதே கொடுமை: உருத்திரிபுக் கெழுக்கள் (லென்ஸ் படத்தை வளைப்பதைக் குறிக்கும் எண்கள்) அதில் ஒரு பகுதியைத் தமக்குள் வாங்கிக்கொள்ள, மறுவீழ்ப்புப் பிழை (கணக்குச் சொல்லும் புள்ளிக்கும் படத்தில் காணும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி) அரைப் பிக்சலுக்குள் அடங்கி நம்மை நம்பவைக்கிறது. ஒரு கோடையில் எடுத்த அளவுகள் அத்தனையும் தவறு என்பது, அளவுநாடாவால் அளந்த பீடத்தோடு ஒப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டங்கள் எல்லாம் சீராகச் சற்றுச் சிறிதாக அச்சானால்கூடக் குவியத் தூரம் மாறாது. தொலைவுகள் மட்டும் அதே விகிதத்தில் மாறுவதால் திருத்திவிடலாம். வளைவுக்கு அப்படியோர் எளிய திருத்தம் இல்லை.

ஜாங் இதை மறைக்கவில்லை. தாளிலுள்ள புள்ளிகளின் தற்செயலான இடப்பிழையைவிடத் தளத்தின் வளைவே கூடுதலாகக் கெடுக்கும் என்று தம் அறிக்கையிலேயே சோதித்து எழுதியிருக்கிறார். பின்வந்த செய்முறை விளக்கங்கள் பலவும் தாளை அச்சிடச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதுதான் என்னை வருத்துகிறது. கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். தட்டையாக நின்றது, ஆனால் இருபது முறை தூக்கிச் சாய்க்க முடியாத கனம். இப்போது பெயர்ப்பலகைக் கடையொன்றில் அலுமினியப் பலகைமேல் நேரடியாக அச்சிட்டு வாங்கியிருக்கிறேன். ஈரம் அதை ஒன்றும் செய்யவில்லை. பழுதுபார்த்த லென்ஸை அதைக்கொண்டு திருத்தியபின் பீடத்தின் அளவும் நாடாவோடு ஒத்துவந்தது.

ஆயினும் நண்பருக்கு நான் எழுதிய பதில் 'வேண்டாம்' என்பதே. அவர் கோயிலில் குடமுழுக்குக்கு மூன்று வாரமே இருக்கிறது. அவர் கையில் இருப்பதோ அட்டையில் ஒட்டிய தாள். அதை நம்பிச் சிற்பங்களின் அளவை எழுதிவைப்பதைவிட, சாரத்தில் ஏறி நாடாவாலேயே அளந்துகொள்ளட்டும்.