டைமிங் பெல்ட் மாற்றிய கையோடு: இன்னோவாவும் ஒரு மஞ்சள் விளக்கும்

போன வாரம் வண்டிக்கு டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாமல் முறைப்படி ஓடவைக்கும் பெல்ட், மாற்றியாயிற்று. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உருண்டு ஓடும் ஐட்லர் மூன்றும் புதுசு. முதல் தலைமுறை இன்னோவா, 2013 மாடல், ஜி.எக்ஸ். 2.5 டீசலைப் பற்றித் தமிழ்நாட்டில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மைலேஜ், ஏசி, பின்சீட்டு வசதி எல்லாம் டிராவல்ஸ் வண்டியில் ஒரு தடவை திருப்பதி போய் வந்தவர்களுக்கே தெரியும். நான் எழுத உட்கார்ந்தது டேஷ்போர்டில் எரிகிற ஒரு சின்ன மஞ்சள் விளக்கைப் பற்றி.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ரப்பர். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமல் தீராது. பெல்ட்டோ மூடிக்குள் இருக்கிறது. கண்ணுக்கும் தெரியாது, சத்தமும் போடாது. அதனால் ஓடிய கிலோமீட்டரை வண்டியே கணக்கு வைத்துக்கொண்டு, முறை வந்ததும் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கை எரிய விடுகிறது. எரிந்தது, மாற்றினேன். கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தேன். முதுகுப்புறம் இறுகி மினுமினுத்தது. இரண்டு மூன்று பற்களின் அடியில் மயிரிழை வெடிப்பு. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். எவ்வளவு தூரம் என்பது யாருக்கும் தெரியாது. விளக்கு எரிந்ததால் அந்தப் பரீட்சைக்கே இடமில்லாமல் போயிற்று.

இது இரண்டாவது விளக்கு. முதலாவது சில வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல் தாண்டி வரும்போது எரிந்தது, டீசலில் தண்ணீர் கலந்தால் எரிகிற விளக்கு. ஒரு பங்க்கில் டேங்க்கை நிரப்பிவிட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். வண்டி இழுவையில் எந்தக் குறையும் இல்லை, சத்தம் மாறவில்லை. ஓரம் கட்டி, பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு மெதுவாகக் கொண்டுபோனோம். மெக்கானிக் பையன் டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பிடித்தான். மேலே டீசல் இளமஞ்சளாக நின்றது, அடியில் ஒரு விரற்கடைக்குத் தெளிந்த தண்ணீர், நடுவே ஒரு கோடு. "அண்ணா, இது இஞ்செக்டர் வரைக்கும் போயிருந்தா நாலையும் மாத்தணுமுங்க" என்றான். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற முனைதான் இஞ்செக்டர். திருகை இறுக்கி, ஃபில்டர் தலையில் உள்ள பம்ப்பைக் கையால் அழுத்திக் காற்றை எடுத்துவிட்டு அனுப்பிவைத்தான். டேங்க்கை ஊர் வந்து கழுவினோம். இஞ்செக்டர் நான்கும் இன்றைக்கும் கம்பெனியில் வந்தவையே.

எல்லாக் கம்பெனி வண்டியிலும் விளக்கு இருக்கிறது, சரி. ஆனால் இன்னோவாவைச் செய்கிற டொயோட்டா கம்பெனிக்கு அதில் ஒரு வம்சக் கதை இருக்கிறது. நான் பள்ளிபாளையத்துக்காரன், தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். அதனால் அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

டொயோட்டாவின் ஆதி கார் இல்லை, தறி. சக்கிச்சி டொயோடா 1867-இல் பிறந்தவர், அப்பா தச்சர், அம்மா வீட்டில் நெய்தவர். மரக் கைத்தறியில் ஆரம்பித்து, விசைத்தறிக்கு வந்து, 1924-இல் 'ஜி' ரகத் தானியங்கித் தறியை முடித்தார். எங்கள் ஊர்ச் சாதாரண விசைத்தறியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், தீர்ந்தால் தறி நிற்கும். பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஓர் இழை அறுந்தால் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் பார்க்காமல் விட்டால் துணி நெடுகக் கோடு விழுந்து, அந்தப் பீஸே கழிவுக்குப் போகும். அதற்காகவே தறிக்காரர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். சக்கிச்சியின் தறியில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நின்றது, ஊடை தீர்ந்தால் ஓட்டம் நிற்காமலே, ஊடையைச் சுமந்து ஓடும் நாடா புதிதாக ஏறிக்கொண்டது. ஒரே ஆள் முப்பது தறியைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இதன் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டு பேசி வாங்கினார்கள். உலகத்துக்கே நூற்பு, நெசவு எந்திரம் விற்றுக்கொண்டிருந்த லங்காஷயர்க்காரர்கள், ஜப்பான் தச்சர் மகனிடம் வந்து வாங்கினார்கள்! நெசவு ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லும்போதே நெஞ்சு நிமிரும்.

மகன் கீச்சிரோ 1933-இல் அந்தத் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார். 1935-இல் ஜி1 லாரி, 1936-இல் ஏஏ கார், 1937-இல் தனிக் கம்பெனி. இன்றைய பேரை வைத்து அன்றைய வண்டியை நினைக்கக் கூடாது. ஜி1 லாரி நடுவழியில் அடிக்கடி நின்றது, கம்பெனி ஆட்களே ஓடிப்போய்ச் சரிசெய்தார்கள். 1950-இல் கம்பெனியே மூழ்கும் நிலை. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கடைசியில் கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே மாதம் கொரியப் போர் வெடித்தது, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அதைப் பார்த்துவிட்டு அனுபவிக்க அவருக்கு ஆயுசு இல்லை, 1952-இல் இறந்துவிட்டார். 1957-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கிரவுன் அங்கத்திய நெடுஞ்சாலை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது, கொஞ்ச காலத்தில் விற்பனையை நிறுத்தினார்கள். 1966-இல் கொரோலா வந்த பிறகுதான் நிலைமை வேறு மாதிரி ஆயிற்று.

இந்த இடைப்பட்ட காலத்தில் உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. தைச்சி ஓனோ என்ற பொறியாளர். அவரும் முதலில் டொயோடாவின் நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர், 1943-இல்தான் கார்ப் பக்கம் வந்தார். அறுந்த இழைக்கு நிற்கும் தறியின் பழக்கத்தை அப்படியே கார் ஆலைக்குக் கொண்டுவந்தவர் அவர். வண்டி கோக்கும் வரிசையின் மேலே ஒரு கயிறு ஓடும். யாருக்காவது தன் வேலையில் குறை தெரிந்தால், நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும், கயிற்றை இழுக்கலாம். விளக்குப் பலகையில் அந்த இடத்துக்கு விளக்கு எரியும், மேஸ்திரி வருவார். குறித்த இடத்துக்குள் தீராவிட்டால் வரிசையே நிற்கும். 1984-இல் கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து ஆலை நடத்தியபோது, முன்பு அங்கே ஜி.எம்.மில் வேலை பார்த்த ஆட்களில் பெரும்பாலோரையே திரும்ப எடுத்தார்கள். என்ன ஆனாலும் வரிசையை நிறுத்தக் கூடாது என்று பழகியவர்கள் அவர்கள். அதே ஆட்கள், கையில் கயிறு கொடுத்ததும் நல்ல வண்டி செய்தார்கள். 'டொயோட்டா தரம்' என்று நாம் கடையில் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கயிற்றைத்தான் என்று நான் நினைக்கிறேன். தடிமனான தகடோ பெரிய எஞ்சினோ இரண்டாம்பட்சம்.

இந்தியாவுக்கும் இவர்கள் காரோடு மட்டும் வரவில்லை. கிர்லோஸ்கர் குழுமத்தோடு சேர்ந்து 1995-இல் பெங்களூரில் நூற்பு எந்திர ஆலை போட்டார்கள். கார்க் கம்பெனி 1997-இல், பெங்களூர் பக்கத்துப் பிடதியில். 2000-இல் குவாலிஸ் வந்தது. இந்தோனேசியாவின் கிஜாங் வண்டியின் இந்திய அவதாரம் அது, பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் சம்சாரி வண்டி. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு 2005-இல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எத்தனை டாக்ஸி முதலாளிகள் திட்டித் தீர்த்தார்கள்! இரண்டு வருஷத்தில் அவர்களே இன்னோவா வரிசையில் நின்றார்கள்.

இவ்வளவு மெச்சிவிட்டுச் சொல்வதால்தான் அடுத்த விஷயம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

2009, 2010-இல் அமெரிக்காவில் ஆக்சிலரேட்டர் விவகாரம் வந்தது. கால்மிதி பெடலில் சிக்கியது, சில பெடல்கள் அழுத்தின இடத்திலேயே நின்றன. லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், அன்றைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். எலக்ட்ரானிக்ஸில் கோளாறா என்று நாசாவை விட்டே பார்க்கச் சொன்னார்கள், அப்படி எதுவும் அகப்படவில்லை. அந்த அளவில் அது நியாயம். ஆனால் 2014-இல் கம்பெனி 120 கோடி டாலர் கட்டியது வண்டிப் பழுதுக்காக அல்ல, தெரிந்த குறையைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தவறான தகவல் சொன்னதற்காக. அதாவது விளக்கு எரிந்தது, அதைத் துணி போட்டு மூடினார்கள்.

சரி, ஒரு தடவை, பாடம் படித்திருப்பார்கள் என்று பார்த்தால் 2022-இல் ஹினோ: லாரி எஞ்சின் புகைச் சோதனைக் கணக்கில் பல வருஷமாகப் பொய். 2023 டிசம்பரில் டைஹட்சு: பாதுகாப்புச் சோதனைகளில் தில்லுமுல்லு, 64 மாடல்கள், ஏற்றுமதி உட்பட எல்லாம் நிறுத்தம். இரண்டும் அன்று டொயோட்டா குழுமத்துப் பிள்ளைகள்தான். 2024 ஜனவரியில் வந்ததுதான் என்னைச் சுட்டது. டீசல் எஞ்சின் சான்றிதழுக்காகக் குதிரைத்திறன் அளக்கும்போது, விற்கிற வண்டியில் இருக்கும் மென்பொருளைப் போடாமல் வேறொன்றைப் போட்டு, அளவுகள் ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். இன்னோவாவின் அடுத்த தலைமுறையான கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூன்றும் அந்தப் பட்டியலில். இந்தியாவிலும் கொஞ்ச நாள் வண்டி அனுப்புவதை நிறுத்திவைத்தார்கள். செய்தது யார் தெரியுமா? டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். 1926-இல் சக்கிச்சியின் தறியைச் செய்வதற்கென்று தொடங்கிய அதே தாய்க் கம்பெனி!

திரும்பச் சோதித்ததில் விற்ற எஞ்சின்கள் அளவுக்குள்ளேதான் இருக்கின்றன, ஓட்டுவதை நிறுத்த வேண்டாம் என்று சொன்னார்கள். நம்புகிறேன், எஞ்சின் நல்ல எஞ்சின். என் வண்டியின் எஞ்சின் அதற்கு முந்தைய ரகம், அந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. எஞ்சின் சரியாக இருக்கும்போது அளவை ஏன் மெழுக வேண்டும்? விசாரணையில் வந்த காரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: தேதி நெருக்கியது, 'முடியாது' என்று மேலே சொல்ல ஆளில்லை. தலைக்கு மேல் கயிறு தொங்கும் கம்பெனியில், சோதனைக்கூடத்தில் மட்டும் கயிறு இல்லாமல் போனது எப்படி?

போன மாதம் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். "மாப்ள, 2012 மாடல் 2.5 ஒண்ணு வந்திருக்கு. ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடியிருக்காம். வாங்கட்டுமா?" வண்டி எப்படி என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் புகழ்ந்திருப்பேன், மேலே அதைத்தான் செய்திருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த வயசு டீசலுக்கு இன்று கேட்கிற விலை அநியாயம். இன்னும் கொஞ்ச நாளில் 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க அலைய வேண்டும். அதைவிட முக்கியம், இந்த வண்டியின் பெரிய குணமே செகண்ட் ஹேண்டில் கைமாறும்போது தொலைந்துபோகிறது. டி-பெல்ட் விளக்கை அணைக்கப் பெல்ட் மாற்ற வேண்டியதில்லை, ஒரு ரீசெட் போதும். விளக்கு எரியவில்லை என்பதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

புது வண்டியா? இன்னோவா ஹைகிராஸ் ஓட்டிப் பார்த்தேன். அமைதியாக ஓடுகிறது, ஹைப்ரிட் மைலேஜ் அபாரம், மேல் ரகம் முப்பது லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தப் பணத்தை இந்தப் பேருக்குக் கொடுக்க இந்த வருஷம் எனக்கு மனசில்லை. அடுத்த வருஷம் மாறலாம். என் வண்டியை யார் கேட்டாலும் தருவதாகவும் இல்லை.

அப்படியும் அந்த 2012-ஐ வாங்கியே தீருவேன் என்கிற நண்பனுக்குச் சொன்னது இதுதான். ஓடோமீட்டரை நம்பாதே. முன்பணம் கொடுக்கும் முன்னால் பெல்ட் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். முதுகு மினுமினுத்தால் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றின் காசையும் விலையில் கழி. ஃபில்டர் அடித் திருகைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடி. மூடியைத் திறக்க விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பேச்சு வளர்க்காதே, கிளம்பி வந்துவிடு.