மறைந்த தலைவர்களுக்கான நினைவுப் பலகை: கிரானைட்டா, பித்தளையா?

நீண்ட காலமாக இயங்கும் மரபுக் கழகம் மறைந்த தலைவர்களுக்குப் பலகை வைக்கப் போனால், கடையில் முதலில் காட்டுவது லேசரில் பொறித்த கறுப்புக் கிரானைட்தான். முகத்தை அச்சு அசலாகக் கொண்டுவரும், திறப்பு விழாவில் எடுப்பாகவும் இருக்கும். ஆனால் பெயர்ப் பட்டியலுக்கு அது தோதுப்படாது. லேசர் கல்லின் மெருகை மட்டும் புள்ளி புள்ளியாக வெளுக்கிறது, ஆழம் கிடையாது. மேலே தூசும் உப்பும் படிந்தால் இரண்டடி தள்ளி நின்று பெயரைப் படிக்க முடியாது. படத்துக்கு லேசர் போதும். எழுத்துக்குச் சாண்ட்பிளாஸ்டில் (மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைக் குடையும் முறை) 2 மி.மீ. ஆழமாவது கேளுங்கள். பெயின்ட் உதிர்ந்தாலும் பள்ளம் நிற்கும், மறுபடி தீட்டலாம்.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. எழுத்து 20 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால், குடையக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் ரப்பர் ஸ்டென்சிலில், சுழிக்குள் நிற்கும் துணுக்கு மணல் வேகத்தில் பிய்ந்துவிடும். சுழி குழியாகிவிட்டால் ண, ன வித்தியாசம் போயிற்று. இடம் போதவில்லை என்று எழுத்தைச் சுருக்க வேண்டாம், கல்லைப் பெரிதாக்குங்கள்.

2 அடிக்கு 1½ அடி, 20 மி.மீ. தடிமன் உள்ள கிரானைட் 15 முதல் 17 கிலோ வரும். இதைப் பெயின்ட் அடித்த சுவரில் பசையால் மட்டும் ஒட்டுவது ஆபத்து. பசை பிடித்திருப்பது பெயின்டைத்தான்; அது உரியும் அன்று கல்லும் கூடவே வரும். துளையிட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் போடச் சொல்லுங்கள். வெள்ளைப் பளிங்கு வெளிச்சுவருக்கு வேண்டாம், மழைநீரில் உள்ள லேசான அமிலம் பட்டாலும் மெல்லக் கரையும். அக்ரிலிக் தற்காலிகக் கண்காட்சிக்குப் போதும். ஸ்பிரிட்டால் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும்.

கூடத்துக்குள் வைப்பதானால் எங்கள் தேர்வு பித்தளை. எல்லாப் பெயரையும் தாங்கும் ஒரே தகடு அல்ல. மரப்பலகையில் ஆளுக்கொரு சிறு தகடு. 2 மி.மீ. தடிமன், ஆழமான எச்சிங் (ரசாயனத்தால் அரித்துப் பொறிப்பது), பலகையின் கீழே இனி வரும் பெயர்களுக்குச் சில காலி இடங்கள். வருடம் ஒன்று தப்பானால் ஒரு தகட்டைத்தான் மாற்ற வேண்டும். ஒரே கல்லில் வெட்டிய பட்டியலில் பிழை வந்தால் மேலே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த அவலத்தைப் பல கூடங்களில் பார்க்கலாம்.

பித்தளையைக் கெடுப்பது பெரும்பாலும் பராமரிப்புதான். லாக்கர் (நிறமற்ற காப்புப் பூச்சு) பூசிய தகட்டில் பாலிஷ் போட்டால் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து, உரிந்த இடம் மட்டும் கறுக்கும். லாக்கர் இருந்தால் மென்துணியோடு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பாலிஷ் போடலாம், ஆனால் எழுத்துக்குள் தங்கும் வெள்ளைப் பொடியை அன்றே பிரஷ்ஷால் எடுங்கள். இரும்புத் திருகு துருப்பிடித்துக் கறை இறக்கும். பித்தளைத் திருகோ மெத்து, கடின மரத்தில் தலை முறிந்துவிடும். சிறு துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஓட்டித் தடம் போட்டு எடுத்துவிட்டுப் பித்தளையை முடுக்குவதே தச்சர் வழக்கம்.

வாசகத்தில்தான் அதிகம் சறுக்குகிறது. பழைய நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் கவனம்: அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்ப வரும். 'குரோதி, தை' என்பது 1905, 1965, 2025 மூன்றுக்கும் பொருந்தும். குரோதி 1964 சித்திரையில் தொடங்கியது என்று தை மாத மறைவையும் 1964 என்று பொறிப்பது அடிக்கடி நேரும் பிழை. பெயருக்குக் கீழே இருப்பது பதவிக் காலமா, வாழ்நாளா என்று பலகையில் ஓரிடத்திலாவது சொல்லுங்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் தலைவராக இருந்திருந்தால் இனிஷியல் கட்டாயம்.

கடைக்கு யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொ, கோ போன்றவற்றின் கொம்பு இடம் மாறும், ஸ்ரீ உடையும். எழுத்துகளைக் கோட்டுருவாக (எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வடிவமாக) மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். அசல் அளவில் புரூஃப் எடுத்துச் சுவரில் ஒட்டி, குடும்பத்தாரிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் கழகத்தில் வையுங்கள். அடுத்த தகட்டை வேறு கடை செய்யும்போது எழுத்து வேறு மாதிரி வந்தால் பலகையில் துருத்திக்கொண்டு நிற்கும்.